ஒரே மேசையில் 47 கேள்விகள்: பேரிடர் தாங்குதிறன் மதிப்பெண் அட்டை பற்றிய மதிப்புரை

வடிகாலைத் தூர்வாருவது ஒரு துறையின் வேலை. அதன்மேல் சாலை போடுவது இன்னொரு துறையின் வேலை. சாலையோரம் பள்ளம் தோண்டிக் கேபிள் பதிப்பது மூன்றாவது துறையின் வேலை. தண்ணீர் தேங்கிய பின் மக்களைப் படகில் ஏற்றுவது நான்காவது துறையின் வேலை. நால்வரையும் தனித்தனியே கேட்டால், தத்தம் பணியைச் சரியாக முடித்துவிட்டதாகக் கோப்பைத் திறந்து காட்டுவார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். வெள்ளம் துறை எல்லை பார்த்து வருவதில்லை. ஆகவே எந்தத் துறையின் பதிவேட்டிலும் ஏறாமல் நடுவில் விடுபட்டுக் கிடக்கும் வேலைகளைக் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்ததை யாரிடமாவது ஒப்படைக்கவும் ஒரு கருவி தேவைப்படுகிறது. ஐ.நா. பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் வெளியிட்டிருக்கும் ‘நகரங்களுக்கான பேரிடர் தாங்குதிறன் மதிப்பெண் அட்டை’ அந்தத் தேவைக்காக உருவானது. பல துறைகளை ஒன்றாக அமர்த்தித் திட்டமிட வைக்கும் பணியில் அதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: கண்டுபிடிக்கும் பாதியை இந்த அட்டை மிக நன்றாகச் செய்கிறது, ஒப்படைக்கும் பாதியை நம் தலையில் விட்டுவிடுகிறது.

2015 மார்ச் மாதம் ஜப்பானின் செண்டாய் நகரில் நடந்த ஐ.நா. உலக மாநாட்டில், 2030 வரைக்குமான பேரிடர் அபாயக் குறைப்புச் செயல்திட்டம் ஏற்கப்பட்டது. அபாயத்தைப் புரிந்துகொள்வது, அதைக் கையாளும் ஆட்சி அமைப்புகளை வலுப்படுத்துவது, தாங்குதிறனுக்காக முதலீடு செய்வது, தயார்நிலையையும் முன்னைவிடச் சிறந்த மீள்கட்டுமானத்தையும் உறுதிசெய்வது என்று அதற்கு நான்கு முன்னுரிமைகள் உண்டு. துறைகளின் ஒருங்கிணைப்பு இரண்டாவதன்கீழ் வருகிறது. நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நகரத்தின் குடிநீர்ப் பொறியாளர் நாளைக் காலை எந்த வேலையையும் தொடங்கிவிட முடியாது. அந்தத் தொலைவைக் குறைக்க உதவுபவை, நகரங்களுக்கென மாநாட்டுக்கு முன்பே வகுக்கப்பட்டிருந்த ‘பத்து அடிப்படைகள்’: அமைப்பு முறை, நிதி, உட்கட்டமைப்பு என ஒரு நகரம் கவனிக்க வேண்டிய பத்துத் தலைப்புகள். அந்தப் பத்தையும் கேள்விகளாக்கியதே மதிப்பெண் அட்டை. முதல் வடிவம் 2014-இல் வந்தது. செண்டாய் செயல்திட்டத்தோடு பொருந்துமாறு திருத்தப்பட்ட வடிவம் 2017-இல் வந்தது. நான் பயன்படுத்துவதும் இங்கே மதிப்பிடுவதும் பின்னதைத்தான்.

அட்டைக்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன. முதல்நிலையில் 47 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். ஒரு நாள் அல்லது இரண்டு நாள் பட்டறையில் இதை முடிக்கலாம் என்பது வடிவமைத்தவர்களின் கணக்கு. விரிவான நிலையில் 117 அளவுகோல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். இதற்கு ஒன்று முதல் நான்கு மாதங்கள் வரை ஆகலாம் என்கிறார்கள். எக்செல் கோப்பாகவே கிடைப்பதால், மென்பொருள் பயிற்சி எதுவும் இல்லாமல் எவரும் திறந்து வேலையைத் தொடங்கலாம். கட்டணமும் இல்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு துறைகளின் முடிவெடுக்கும் அதிகாரிகளை இரண்டு நாள் ஓர் அறையில் அமர்த்துவது என்பது எந்த நிர்வாகத்திலும் எளிதில் கிடைக்காத ஒன்று. இந்தக் கருவியின் உண்மையான விலை அதுதான். தாம் வர இயலாதவர்கள் யாரையாவது அனுப்பிவைப்பார்கள். மேலதிகாரி அனுப்பினார் என்று வந்து உட்காருபவர் எல்லாவற்றையும் கவனமாகக் குறித்துக்கொள்வார். எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். அத்தகையோர் பாதிக்குமேல் இருக்கும் பட்டறையைத் தள்ளிவைப்பதே மேல்.

கேள்விகளுக்குள் நுழையுமுன்பே அட்டை ஒரு காரியத்தைக் கட்டாயமாக்குகிறது. எந்தப் பேரிடரை மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறோம் என்பதை எல்லாரும் சேர்ந்து தீர்மானித்தாக வேண்டும். ‘நிகழ வாய்ப்பு மிகுந்தது’, ‘மிகக் கடுமையானது’ என்ற இரண்டு சூழ்நிலைகளை வரையறுத்துக்கொண்டு, பின்வரும் கேள்விகள் பலவற்றை அவ்விரண்டையும் வைத்தே அளக்கச் சொல்கிறது. பார்வைக்கு இது முன்னேற்பாடு போலத் தெரிந்தாலும், என் அனுபவத்தில் பட்டறையின் மிகப் பயனுள்ள பகுதி இதுவே. வடிகாலை வடிவமைத்தவர் ஒரு மழையளவை வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். பாலம் கட்டியவர் இன்னொன்றை. மீட்புப் பணியாளர்கள் கடைசியாக வந்த வெள்ளத்தையே அளவாக வைத்திருப்பார்கள். ‘நூறாண்டு வெள்ளம்’ என்று எல்லாரும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். சென்ற முறை வந்துவிட்டதால் இனி நூறு ஆண்டுக்குக் கவலையில்லை என்று நம்புபவரும் அதே அறையில் இருப்பார். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். அப்படியானால் முப்பது ஆண்டுகளுக்குள் குறைந்தது ஒருமுறை வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் 26. இந்தக் கணக்கை வெள்ளைப் பலகையில் ஒருமுறை போட்டுக் காட்டிய பிறகு பேச்சின் தொனியே மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

இந்த அட்டையின் பலம் எங்கே இருக்கிறது என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் உட்கட்டமைப்புப் பகுதியை எடுத்தோம். குடிநீர் பற்றிய கேள்வியும் எரிசக்தி பற்றிய கேள்வியும் அதில் அடுத்தடுத்து வருகின்றன. குடிநீர்ப் பொறியாளர் தம் துறைக்கு 3 என்றார்: நீரேற்று நிலையங்கள் அனைத்திலும் ஜெனரேட்டர் இருந்தது. மின் துறைப் பொறியாளரும் 3 என்றார்: மின்சாரம் தடைப்பட்டால் எந்த இடத்துக்கு முதலில் திரும்பக் கொடுப்பது என்ற முன்னுரிமைப் பட்டியல் அவரிடம் தயாராக இருந்தது. அப்போது தீயணைப்பு அதிகாரி, ஜெனரேட்டரில் எத்தனை மணி நேரத்துக்கு டீசல் இருக்கும் என்று கேட்டார். எட்டு மணி நேரம். அதற்குப் பிறகு? ஒப்பந்தக்காரர் கொண்டுவருவார். அவர் எங்கே பிடிப்பார் என்று தொலைபேசியில் கேட்டபோது, நகரின் தாழ்வான பகுதியிலுள்ள ஓர் எரிபொருள் நிலையத்தைச் சொன்னார். அங்கே பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின் துறையின் முன்னுரிமைப் பட்டியலில் நீரேற்று நிலையங்கள் இருந்தன, மருத்துவமனை இருந்தது. எரிபொருள் நிலையம் இல்லை. போதாக்குறைக்கு மருத்துவமனையும் தன் ஜெனரேட்டருக்கு அதே ஒப்பந்தக்காரரையே நம்பியிருந்தது, அவரிடம் இருந்த டேங்கர் லாரியோ ஒன்றே ஒன்று. சில நிமிடங்களில் இரண்டு 3-களும் 1 ஆகிவிட்டன.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. தன் கோப்புக்குள் ஒவ்வொருவரின் 3-உம் நியாயமானதே. அடுத்தடுத்த கேள்விகளுக்கு அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தவர்கள் பதில் சொல்ல நேர்ந்ததும், மூன்றாமவர் ஒருவர் குறுக்கே கேட்க இடமிருந்ததும் சேர்ந்துதான் அந்தச் சங்கிலியை வெளியே இழுத்தன. இது கற்பனையான கவலை இல்லை என்பதற்கு 2012-இல் சாண்டி புயல் தாக்கியபோது நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் நடந்ததைப் பார்த்தாலே போதும். அங்கே ஜெனரேட்டர்களை வெள்ளம் எட்டாதபடி 13-ஆவது மாடியில் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகளோ நிலத்தடித் தளத்தில் இருந்தன. தளத்தில் நீர் புகுந்து பம்புகள் நின்றபின், ஊழியர்களும் வீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று எரிபொருளைக் கையால் மாடிக்குக் கடத்தினார்கள். இறுதியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. உள்ள கருவிகளை மட்டும் எண்ணும் எந்தப் பட்டியலிலும் அந்த மருத்துவமனைக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். ஒரு தோல்வி இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் இத்தகைய சங்கிலிகளைத் தேடச் சொல்லி இரண்டாம் அடிப்படையில் தனியாகவே ஒரு கேள்வி வைத்திருப்பதற்காக அட்டையை வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

இனிக் குறைகள். முதலாவது, எடைகளைப் பற்றியது. 47 கேள்விகள் பத்து அடிப்படைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை: எடுத்துக்காட்டாக, உட்கட்டமைப்புக்கு 9 கேள்விகள், அவசரகால நடவடிக்கைக்கு 7, நிறுவனத் திறனுக்கு 6, அபாயச் சூழ்நிலைகளுக்கு 5, நிதிக்கு 4, அமைப்பு முறைக்கு 3, மீள்கட்டுமானத்துக்கு வெறும் 2. முழு மதிப்பெண் 141 என்றால் அதில் மீள்கட்டுமானத்தின் பங்கு 6. பேரிடருக்குப் பின் எந்த ஏற்பாடும் இல்லாத ஒரு நகரம் அந்த இரண்டிலும் பூச்சியம் வாங்கினாலும் கூட்டுத்தொகையில் அது தென்படவே தென்படாது. கூட்டுத்தொகையை நகரங்களின் தரவரிசைபோல மேடையில் அறிவிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாகவே இருக்கும். பத்து அடிப்படைகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அதிலும் சராசரியைவிட ஒவ்வொன்றிலும் உள்ள மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும். ஒன்பது உட்கட்டமைப்புகளில் எட்டு நன்றாக இருந்து மின்சாரம் மட்டும் படுத்துவிட்டால், மற்ற எட்டும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை மேலே பார்த்தோம்.

இரண்டாவது குறை, இது தன்மதிப்பீடு என்பது. வெளியிலிருந்து வந்து சரிபார்ப்பவர் யாருமில்லை. சான்று காட்டாமலே 3 போட்டுக்கொள்ளலாம். அறையில் மூத்த அதிகாரி இருந்தால் மதிப்பெண்கள் அவர் முகத்தைப் பார்த்து ஏறும். நிதி ஒதுக்குபவர் இருந்தால், தேவையைக் காட்டுவதற்காக இறங்கும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். எது அதிகக் கெடுதல் என்று சொல்வது கடினம். இதற்கு ஓரளவு பலன் தந்த ஏற்பாடு ஒன்று உண்டு: கேள்வியை வாசித்ததும் யாரும் பேசாமல் ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், பிறகு பதவியில் இளையவரிலிருந்து தொடங்கித் தாள்களைத் திருப்ப வேண்டும். எல்லாத் தாளிலும் ஒரே எண் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். ஒருவர் 0 என்றும் மற்றவர் 3 என்றும் எழுதியிருந்தால் அங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும், ஏனெனில் ஒரே ஏற்பாட்டைப் பற்றி இரண்டு துறைகளுக்கு இரண்டு வேறு நம்பிக்கைகள் இருக்கின்றன என்பது அங்கே அம்பலமாகிறது. அட்டையில் எண்ணுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத இடமிருக்கிறது. அந்தக் குறிப்பை நிரப்பாமல் எண்ணை மட்டும் இட்டுக் கொண்டுவரும் கோப்புகளால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் பயனில்லை.

மூன்றாவது குறையே பெரியது. அட்டை இடைவெளியைக் காட்டுகிறது. அந்த இடைவெளி யாருடையது என்று கேட்பதில்லை. முதல் அடிப்படையில், போதிய அதிகாரமும் வளமும் உள்ள பல துறை அமைப்பு ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறது; மிகச் சரியான கேள்வி. ஆனால் ‘ஆம், குழு இருக்கிறது’ என்பதோடு பல நகரங்கள் திருப்தியடைந்துவிடுகின்றன. குழு இருக்கும்; அரசாணை இருக்கும்; ஆண்டுக்கு ஒருமுறை கூட்டம் நடந்து தேநீர் குடித்துக் கலைந்திருப்பார்கள். சம நிலையிலுள்ள ஒரு துறை இன்னொரு துறைக்குக் கட்டளையிட முடியாது என்பதால், குழுவைக் கூட்டுபவருக்கு மற்றத் துறைகளின் பணித்திட்டத்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் இல்லாவிட்டால், பட்டறையில் கண்டுபிடித்தவை அனைத்தும் கூட்டக் குறிப்பாக மாறிக் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். ‘சம்பந்தப்பட்ட துறைகள் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்ற வாக்கியத்தை எழுதியவருக்கே தெரியும், அதன்பின் எதுவும் நடக்காது என்று.

ஆகவே நாங்கள் அந்த எக்செல் கோப்பில் சில நிரல்களை, அதாவது செங்குத்துக் கட்ட வரிசைகளை, சேர்த்துக்கொண்டோம். மதிப்பெண் 0 அல்லது 1 பெற்ற ஒவ்வொரு வரிக்கும் முதன்மைப் பொறுப்பு எந்தத் துறைக்கு, துணை நிற்க வேண்டியவை எவை, செலவு யாருடைய வரவு செலவுத் திட்டத்தில் ஏறும், எந்தத் தேதிக்குள், முடிந்தது என்பதற்குச் சான்று எது என்பவையே அவை. முதன்மைத் துறை என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம்; இரண்டு துறைகளின் பெயரை எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள். மேலே சொன்ன எரிபொருள் சிக்கலை எடுத்துக்கொண்டால், அந்த நிலையத்தை முன்னுரிமைப் பட்டியலில் சேர்ப்பது மின் துறையின் ஒரு வரி. மருத்துவமனைக்கும் நீரேற்று நிலையங்களுக்கும் வெவ்வேறு விநியோகஸ்தர் இருப்பதை உறுதிசெய்வது இன்னொரு வரி. பட்டியலில் சேர்த்துவிட்டேன் என்ற கடிதத்தைச் சான்றாக ஏற்பதில்லை. முதன்மை மின்சாரத்தை நிறுத்திவிட்டு நீரேற்று நிலையத்தை எட்டு மணி நேரத்துக்கு அப்பாலும் ஓட்டிக் காட்டுவதே சான்று. சான்று நிரலை நிரப்பும்போதுதான் வேலையின் உண்மையான அளவு துறைகளுக்குப் புரிகிறது. தேதிகளும் அப்போதே தள்ளிப் போகின்றன. அது நல்லதே, முடியாத தேதியை ஒப்புக்கொள்வதைவிட.

பணத்தைப் பற்றி அட்டை கேட்பது நான்கே கேள்விகள் என்றாலும் அவை கூர்மையானவை: நிதி திரட்டும் வழிகள் தெரியுமா, தாங்குதிறனுக்கும் அவசர நிதிக்கும் ஒதுக்கீடு உண்டா, காப்பீடு எந்த அளவு, ஊக்கத்தொகைகள் உண்டா. இரண்டு துறைகள் கூட்டாகச் செய்ய வேண்டிய பணிக்கு எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வரும் என்ற கேள்வியும் அங்கே இருந்திருக்க வேண்டும். ஒரு துறையின் செலவால் இன்னொரு துறைக்கு இழப்பு குறைகிறது என்றால் முதல் துறைக்கு அதைச் செய்ய ஆர்வம் எங்கிருந்து வரும்? ஒருங்கிணைப்பு முறியும் இடங்களில் பாதி இந்தக் கணக்குத் தலைப்புச் சிக்கலால் முறிகின்றன என்பது என் கணிப்பு.

அவசரகால நடவடிக்கைப் பகுதியில் முன்னெச்சரிக்கை, நடவடிக்கைத் திட்டம், ஆட்பலம், கருவிகள், உணவும் தங்குமிடமும், துறைகளுக்கிடையே சேர்ந்து இயங்கும் திறன், ஒத்திகை ஆகியவை பற்றிய ஏழு கேள்விகள் வருகின்றன. ஒத்திகைக் கேள்வியில் பொதுமக்களும் பணியாளர்களும் பங்கேற்கிறார்களா என்று பார்க்கிறது. நல்லதுதான், ஆனால் சென்ற ஒத்திகையில் எது உடைந்தது, அதை யார் சரிசெய்தார்கள் என்பதே அங்கே முதலில் கேட்கப்பட வேண்டியது. 2017 மே மாதம் மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் உயிரிழந்தபோது, தீயணைப்புப் படையினர் சம்பவ இடத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அங்கே அவசரச் சேவைகள் கூடிப் பணியாற்றுவதற்கான நெறிமுறை ஏற்கெனவே இருந்தது: ஓரிடத்தில் கூடுங்கள், தகவல் சொல்லுங்கள், ஒருங்கிணையுங்கள், அபாயத்தைச் சேர்ந்து மதிப்பிடுங்கள், ஒரே நிலைமைச் சித்திரத்தை வைத்திருங்கள் என்ற ஐந்து கோட்பாடுகளைக் கொண்டது அது. கூட்டு ஒத்திகையும் முந்தைய ஆண்டே நடந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் ஒரே காவல் அதிகாரியின் தலையில் அளவுக்கு மீறிய பொறுப்புகள் குவிகின்றன என்பது அதில் தெரிந்தும் சரிசெய்யப்படவில்லை. பின்னர் நடந்த பொது விசாரணை 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாகச் சுட்டியது. திட்டம் இருக்கிறதா, ஒத்திகை நடந்ததா என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டுக்கும் ஆம் என்றே பதில் வந்திருக்கும்.

இந்த இடத்தில் அட்டையை வேறொரு கருவியோடு ஒப்பிடுவது முறையாகும், ஏனெனில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பேரிடர் நடக்கும்போது களத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதை வகுக்கும் சம்பவக் கட்டளை முறை என்பது 1970-இல் கலிஃபோர்னியாவைச் சூறையாடிய காட்டுத்தீக்குப் பிறகு, வெவ்வேறு தீயணைப்பு அமைப்புகள் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளிலும் வெவ்வேறு பதவிப் பெயர்களிலும் இயங்கித் திண்டாடியதிலிருந்து பிறந்தது. ஒருவருக்குக் கீழ் நேரடியாக மூன்று முதல் ஏழு பேர் வரையே இருக்க வேண்டும், ஐந்து உத்தமம் என்பது போன்ற எளிய விதிகளும், பல துறைகள் தத்தம் அதிகாரத்தை விட்டுக்கொடுக்காமலே ஒரே குறிக்கோள் பட்டியலை வகுத்துக்கொள்ளும் கூட்டுக் கட்டளை என்ற ஏற்பாடும் அதில் உள்ளன. அது தீ எரியும்போது பயன்படுவது. மதிப்பெண் அட்டை தீப்பிடிக்குமுன் பயன்படுவது. அட்டையில் நல்ல மதிப்பெண் வாங்கியதால் சம்பவ நாளன்று யார் பேசுவது, யார் கேட்பது என்ற குழப்பம் தீர்ந்துவிடாது. கட்டளை முறையை நன்றாகப் பழகிய நகரமும் தாழ்வான நிலத்தில் மருத்துவமனை கட்டிக்கொண்டே போகலாம். ஆனால் கட்டளை முறையிலிருந்து அட்டை கடன் வாங்கியிருக்க வேண்டிய ஒன்று உண்டு: அங்கே ஒவ்வொரு பணிக்கும் ஒரு பெயர் இருக்கும், அந்தப் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் இருக்கும்.

சின்னச் சின்னக் குறைகளும் இருக்கின்றன. கேள்விகள் பல மிக நீளமானவை. ஒன்றுக்குள் இரண்டு மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. திட்டம் இருக்கிறது, ஆனால் வளம் இல்லை என்றால் எந்த எண்ணைப் போடுவது என்று பட்டறையில் தகராறே வந்துவிடும். 0-க்கும் 3-க்கும் நடுவே இரண்டே படிகள் இருப்பதால், ஓராண்டு உழைத்து முன்னேறிய துறையும் அதே 1-இல் நிற்பதாகத் தோன்றி மனம் சோர்ந்துபோகிறது. தரவுப் பகிர்வு பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆனால் ஒரு துறையின் வரைபடத்தை இன்னொரு துறையின் கணினியில் திறக்க முடியுமா என்ற எளிய சோதனை அதில் இல்லை. பொதுச் சுகாதாரம் மூல அட்டையில் போதிய இடம் பெறவில்லை என்பதால் அதற்கெனத் தனி இணைப்பு ஒன்று பின்னர் வெளியிடப்பட்டது. மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவதற்கான இணைப்பும் இருக்கிறது. கொள்ளைநோய், மருத்துவமனைக் கழிவு, தொடர் சிகிச்சையிலுள்ள நோயாளிகள் என்று கவலைப்படும் நகரங்கள் சுகாதார இணைப்பை விட்டுவிட்டு முதன்மை அட்டையை மட்டும் நிரப்புவதில் பொருளில்லை. சுகாதாரத் துறையினர் பட்டறையில் இரண்டு நாளும் ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போவதற்கும் இதுவே ஒரு காரணம்.

யார் பயன்படுத்தலாம்? துறைகளுக்கு இடையே பேச்சுவார்த்தையே இல்லாத, இதுவரை சேர்ந்து எந்தத் திட்டமும் வகுக்காத நகரங்களுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் எனக்குத் தெரியாது. சட்டப்படி கூட்டும் அதிகாரமுள்ள ஒருவர் இரண்டு நாளும் அறையில் இருக்க ஒப்புக்கொண்டால் உடனே தொடங்கலாம்; ஒப்புக்கொள்ளாவிட்டால் முதலில் அவரைச் சம்மதிக்க வைக்கும் வேலையைப் பாருங்கள். அண்மையில் பேரிடர் கண்ட ஊரில் ஓரிரு மாதம் பொறுத்துச் செய்வது நல்லது. அப்போது நினைவும் சான்றும் கையில் இருக்கும். ஒருவரையொருவர் குற்றம் சொல்லும் வேகமும் சற்றுத் தணிந்திருக்கும். சிற்றூர்களுக்கு 47 கேள்விகளும் பொருந்தா. இரண்டே பொறியாளர்கள் ஐந்து துறைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் துறைகளின் ஒருங்கிணைப்பு என்ற சிக்கலே வேறு வடிவில் இருக்கும். அங்கே அபாயச் சூழ்நிலை, உட்கட்டமைப்பு, அவசர நடவடிக்கை ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்வது போதும்.

விரிவான நிலைக்கு நேராகத் தாவ வேண்டாம். ஆலோசனை நிறுவனங்கள் அதையே பரிந்துரைக்கும். 117 அளவுகோல்களை நிரப்பிக் கனமான அறிக்கையும் தரும். அந்த மாதங்களில் துறை அதிகாரிகள் ஒருவரையொருவர் சந்திப்பதற்குப் பதிலாக ஆலோசகரைத் தனித்தனியே சந்தித்துப் பேட்டி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். முதல்நிலையை ஒருமுறை முடித்து, பொறுப்பு நிரல்களை நிரப்பி, ஓராண்டு கழித்து அதே நபர்களைக் கொண்டு மீண்டும் செய்யுங்கள். அப்போதும் 1-ஐத் தாண்டாமல் நிற்கும் அடிப்படைகளுக்கு மட்டும் விரிவான அளவுகோல்களைத் திறந்தால் போதும். மற்றவற்றுக்கு அந்த நேரத்தை வேலையிலேயே செலவிடலாம்.